ஜன்னல் பக்கத்து வரிசை

என் அண்ணனுக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் அழுதார்கள். நான் மட்டும் கோபத்தில் அழுதேன். காரணம் அம்மா. கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, இனிமேல் அண்ணனை யாரும் ‘நீ’ என்று சொல்லக் கூடாது, ‘நீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும், அவர் இனி சாமியார் என்று சட்டம் போட்டுவிட்டார். முந்தின வாரம்வரை என் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடியவருக்கு என்ன ‘நீங்க’ வேண்டிக்கிடக்கிறது? ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து வாய் ‘நீங்க’ என்றது, மனசு ‘நீ’ என்றது. கோபம் வரும்போது மட்டும் மனசு ஜெயித்துவிடும்.

எனக்குக் கோபம் அடிக்கடி வரும். அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். நான் தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பஸ் ஊழியர்களின் சட்டை, கோயில் பீடத்துணி எல்லாம் தைப்பேன். நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? என் வீட்டுக்காரர் இருந்தவரை என் வாயை அவர் தாங்கினார். அவர் போன பிறகு அந்தப் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. அவர் பங்குச் சாமியாராக இருந்த மாதா கோயிலுக்குப் பின்னால், பின்கேட்டைத் திறந்தால் நேராக என் சமையலறை என்கிற தூரத்தில், முன்னறையில் மிஷின் போடுகிற அளவுக்கு ஒரு வீடு பார்த்துக் குடிவந்தேன். அண்ணன் எனக்கு வைத்த பேர் வாயாடி. “வாயாடி, டீ இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே, அங்கி மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தபடி பின்கேட் வழியாக வருவார். இப்போதும் அந்தக் கேட் கிறீச்சிட்டால் என் கை தானாக அடுப்புப் பக்கம் போகிறது.

சாமியார் என்றால் வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் நடக்கிறவர் என்று நினைப்பவர்கள் என் அண்ணனை விடிகாலையில் பார்த்திருக்க வேண்டும். கோயில் கதவைத் திறந்ததும் முதல் வேலை ஜெபம் இல்லை, துடைப்பம். புறாக்கள் செய்து வைத்திருக்கும் அட்டூழியத்தையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் முழங்கால் போடுவார். மைக் கரகரத்தால் அவரே திருகுவார், திருகிய பிறகு இன்னும் மோசமாகக் கரகரக்கும்.

டீ குடிக்கும்போது அவர் பேசுவதெல்லாம் பிரசங்கத்தில் வராது. பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்கள் மேல் அவருக்கு வருத்தமே கிடையாது. வாரம் முழுக்கத் தூக்கமில்லாதவன் கடவுள் வீட்டில் வந்து கண்ணயர்ந்தால் என்ன குறைந்துவிட்டது என்பார். பூசை நடுவில் குழந்தை வீறிட்டு அழுதால் தாய் பதறிக்கொண்டு வெளியே ஓடுவாள். இவர் பீடத்திலிருந்தே, ஓடாதே, இரு என்று கை காட்டுவார். கோயிலுக்குள் மனசில் உள்ளதை உள்ளபடி சொல்வது அந்த ஒரு ஜீவன்தான், அதையும் வெளியே அனுப்பிவிட்டால் எப்படி என்பார். ஜெபம் பண்ணும்போது கடவுள் பக்கத்தில் இருப்பது தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சில நாள் தெரியும், பல நாள் தெரியாது, தெரியாத நாளிலும் கதவைத் திறந்து வைப்பதுதான் தன் வேலை என்றார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. சாமியாரே இப்படிச் சொன்னால் தையல்காரி என்ன செய்வாள்?

அவருடைய உயிர் இருந்தது பாவசங்கீர்த்தனத் தொட்டியில். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது கோயிலின் பின்மூலையில் நிற்கும் ஒரு மரக் கூண்டு. நடுவில் சாமியார் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரண்டு பக்கமும் துளை போட்ட பலகை மறைப்பு. வருகிறவர்கள் ஏதாவது ஒரு பக்கம் முழங்காலில் இருந்து, செய்த பாவத்தை அந்தத் துளை வழியாக ரகசியமாகச் சொல்ல வேண்டும். சாமியார் மன்னிப்புக் கொடுத்து, பரிகாரமாக ஒரு ஜெபமோ காரியமோ செய்யச் சொல்வார். கேட்டதை உயிர் போனாலும் வெளியே விடமாட்டார். எங்கள் கோயில் தொட்டிக்கு ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் ஜன்னல். அண்ணன் உள்ளே உட்கார்ந்தால் வாசல் பக்கம் அவருடைய வலது காது, ஜன்னல் பக்கம் இடது காது.

இந்த விஷயத்தில் அவர் எவ்வளவு கறார் என்றால், வரிசையில் யார் நின்றார்கள், யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைக்கூட நம் வீட்டில் பேசக் கூடாது என்று எனக்கே தடை போட்டிருந்தார். “வாயாடி, மத்த எல்லாத்தையும் பேசு. அந்த வரிசையப் பத்தி மட்டும் மூச்சு விடாத.” சனிக்கிழமை சாயங்காலம் பீடத்துணி மாற்றப் போகிறவள் நான், கண்ணை மூடிக்கொண்டா போவேன்? இருந்தாலும் வாயைப் பூட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பூட்டியது அந்த ஒரு பூட்டுத்தான்.

ஆரம்ப காலத்தில் பேசுவதற்கும் ஒன்றும் இருந்ததில்லை. வரிசை இருந்தால்தானே? அண்ணன் அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மனுஷன் தங்கம், ஆனால் அந்தக் கூண்டுக்குள் போய்விட்டால் பெரிய டாக்டர். கோபப்பட்டேன் என்று சொன்னால் போதாது. யார் மேல், எதனால், எத்தனை நாளாக, மன்னிப்புக் கேட்டாச்சா, கேட்கவில்லையென்றால் ஏன் என்று நோண்டி எடுத்துவிடுவார். பரிகாரமும் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். மாமியாரோடு முறைத்துக்கொண்டவளுக்கு, ஒரு வாரம் மாமியார் தலையை வாரிவிட வேண்டும். என் கடைக்கு வந்த ஒரு பெண்ணைக் கழுத்தளவு சரியில்லை என்று சொன்னதற்காக நான் கிழி கிழியென்று கிழித்தேன். அதற்கு அந்தப் பெண் வீட்டுக்கே போய், அவள் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கழுத்தைப் பிரித்துத் தைத்துவிட்டு வரச் சொன்னார். கூடப் பிறந்தவள் என்ற சலுகையெல்லாம் கிடையாது. இப்படியே போனால் யார் வருவார்கள்? ஜனங்கள் பஸ் ஏறிப் பக்கத்துப் பங்குக் கோயிலுக்குப் போனார்கள். “இன்னைக்கும் யாரும் வரல, வாயாடி” என்று சொல்லிக்கொண்டு பின்கேட் வழியாக வருவார். அன்று டீ ஆறும்வரை குடிக்காமல் வைத்திருப்பார். ஜனங்கள் திரும்பி வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஓயாத மன்றாட்டு.

தலை முழுக்க நரைத்த பிறகு அவருடைய இடது காதில் சீழ் வைத்தது. வலி போய்விட்டது, கூடவே காதும் போய்விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, வலது காது நன்றாக இருக்கிறது, இடது காது போனது போனதுதான், காது மிஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்றார். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டார். தெரிந்தால், எங்கள் சாமியார்களுக்கெல்லாம் மேலான ஆயர் இவரை வயதான சாமியார்களின் ஓய்வு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு, நர்ஸ், தோட்டம் எல்லாம் உண்டு. தொட்டிதான் இல்லை. “அங்க எல்லாரும் சாமியாருங்க. யாருக்குப் போயி நான் கதவத் திறக்கறது?” என்றார். இவர் போனால் பின்கேட்டும் போச்சு, டீயும் போச்சு. அதைவிட, அந்தக் கூண்டில்லாமல் இந்த மனுஷன் என்ன ஆவார் என்ற பயம்.

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. வரிசை வர ஆரம்பித்தது.

முதலில் ஒருவர், இருவர். பிறகு பத்துப் பேர். பிறகு பெஞ்சு போட வேண்டிய அளவுக்கு. பல வருஷமாகக் கோயில் படியை மிதிக்காத ஆண்கள் தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றார்கள். அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். “கேட்டா குடுக்கறாரு, வாயாடி. கொஞ்சம் லேட்டாத்தான் குடுக்கறாரு” என்று சிரித்துக்கொண்டு டீயைச் சுடச்சுடக் குடித்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தையல்காரியின் கண் சும்மா இருக்குமா? ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் பாவாடை மாதிரி அந்தக் கூட்டம் என் கண்ணை உறுத்தியது. அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் நின்றார்கள். வாசல் பக்கம் நானும், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவும், இன்னும் ஒன்றிரண்டு கிழங்களும்தான்.

உண்மையை உடைத்தவன் ஒரு பஸ் கண்டக்டர். சட்டையில் பை கிழிந்துவிட்டது என்று வந்தவன், நான் தைத்துக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னான்.

“ஜன்னல் பக்கம் போனா எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான்க்கா. மூணு தடவ ‘அருள் நிறைந்த’ மந்திரம் சொன்னாப் போதும். என்ன சொன்னாலும் மூணுதான். ஒரு கேள்வி கிடையாது. சாமிக்கு அந்தக் காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியும்.”

எனக்கு வந்ததே கோபம்! ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. ரகசியம் ரகசியம் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தால், ஊரே பரிகாரத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. என் அண்ணன் கடவுள் அனுப்பினார் என்று பூரித்துப் போயிருக்கிறார், இதுகள் செவிட்டுக் காதைத் தேடி வந்திருக்கின்றன. கடவுளையே ஏமாற்றப் பார்க்கிறீர்களா, வெட்கமாயில்லையா என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவன் கோபப்படவில்லை. கிழிந்த சட்டை என் கையில் இருந்ததால் எழுந்து ஓடவும் முடியவில்லை.

“மொத தடவ சிரிச்சுக்கிட்டேதான்க்கா போனேன்” என்றான். “முழங்கால் போட்டு வாயத் திறந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. அவருக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். ஆனா எனக்குக் கேட்டுச்சு. அத்தன வருஷத்துல அன்னைக்குத்தான் எனக்கே கேட்டுச்சு.”

பையைத் தைத்துக் கொடுத்து அனுப்பினேன். அவன் என்ன சொன்னானோ, அது அவனுக்கும் கடவுளுக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் மனைவி முன்பே சொன்ன ஒரு விஷயம்தான். பல வருஷமாகத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன், இப்போது பிள்ளைகளோடு மேசையில் உட்காருகிறான் என்று சொல்லியிருந்தாள்.

இதை அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால் மனுஷன் உடைந்து போவார். சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். நான் இப்படித் தவித்துக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியை முந்திக்கொண்டார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. கோடு போட்டால் கோட்டின் மேல்தான் எழுத வேண்டும் என்கிற ரகம். பாவசங்கீர்த்தனம் இந்தக் கோயிலில் கேலிக்கூத்தாகிவிட்டது, சாமியாருக்குக் காது கேட்கவில்லை, ஜனங்கள் அதையே சாக்காக்கிக்கொண்டார்கள் என்று ஆயரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை ஆயரே வருகிறார் என்று தகவல் வந்தது.

தகவல் வந்த அன்றும் அண்ணன் சிரித்துக்கொண்டேதான் வந்தார். வரிசையைப் பார்த்து ஆயர் சந்தோஷப்படுவார், இன்னும் ரெண்டு பெஞ்சு போட வேண்டும் என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், என் வாய் அவிழ்ந்துவிட்டது.

“நீ ஒரு பைத்தியம்” என்றேன். அம்மா போட்ட சட்டமெல்லாம் பறந்துவிட்டது. “அவங்க கடவுளத் தேடியும் வரல, உன்னத் தேடியும் வரல. உனக்கு அந்தக் காது கேக்காதுன்னுதான் வராங்க. ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. ஆயர் உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வராரு.”

அண்ணன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். டம்ளரை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். எனக்கு அப்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“கேக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றார். “மொதல்ல தலையத் திருப்பி வலது காதக் குடுத்துப் பாத்தேன். அந்தக் கூண்டுக்குள்ள கழுத்து அவ்வளவு திரும்பல. அப்பறம் கைய எடுத்து மறைப்புப் பலகை மேல வச்சேன். அவங்க பேசினா பலகை லேசா அதிரும். அழுதா நல்லாத் தெரியும். அது நிக்கற வரைக்கும் இருந்துட்டு மன்னிப்புக் குடுப்பேன். என்ன பாவம்னு தெரியாம வேற பரிகாரம் எப்படிச் சொல்றது? அதான் மூணு மந்திரம்.”

“அது சரியா தப்பா?” என்று கேட்டேன்.

“தெரியல. சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு அதே கேள்விதான்.” ஜன்னலுக்கு வெளியே பின்கேட்டைப் பார்த்தார். “காது நல்லா இருந்த காலத்துல நான் கேட்டுக் கேட்டே எல்லாரையும் விரட்டினேன், இல்ல?”

ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டினேன். அவர் எழுந்து, ஆயரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். போகும்போது அங்கியைத் தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டார். ஓரமெல்லாம் மண். நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

சனிக்கிழமை மதியம் ஆயர் வந்தார். உயரமான மனிதர், பெரிய சிரிப்பு கிடையாது. அண்ணன் அலுவலக அறையில் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். காது போனதை, மறைத்ததை, பலகையை, மூன்று மந்திரத்தை. நான் டீத் தட்டோடு வாசலிலேயே நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆயர், நீங்கள் நிறைய உழைத்துவிட்டீர்கள், இனி ஓய்வெடுத்தால் நல்லது என்றார். இன்று சாயங்காலம் மட்டும் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று அண்ணன் கேட்டார். ஆயர் தலையசைத்தார். அவ்வளவில் முடிந்துபோயிற்று. அண்ணன் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது அணியும் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கோயிலுக்குள் போனார்.

நான் ஆயர் முன்னால் டீயை வைத்தேன். வைத்தேன் என்றால், கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

“கோபமா இருக்கீங்க போல” என்றார்.

கேட்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். நான் ஆயர் என்றும் பார்க்கவில்லை, அரசன் என்றும் பார்க்கவில்லை. இத்தனை காலம் ஆளில்லாத கோயிலுக்கு ஆள் வந்ததே அந்தச் செவிட்டுக் காதால்தான் என்றேன். பேர் சொல்லாமல், வாசலில் தனியாகச் சாப்பிட்ட ஒரு மனிதன் மேசைக்கு வந்த கதையைச் சொன்னேன். அவர்கள் ஏமாற்றத்தான் வந்தார்கள், ஆனால் வந்த இடத்தில் ஏமாற்ற முடியாமல் போய்விட்டது என்றேன். ஆயர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க எந்தப் பக்கம் போவீங்க?” என்று கேட்டார்.

“வாசல் பக்கம்தான். நான் சொல்றது எங்க அண்ணனுக்குக் கேக்கணும். கேட்டுட்டுத் திட்டணும். எனக்கு அதுதான் வேணும்.”

அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “ஆயரானப்பறம் ஒரு கஷ்டம்மா” என்றார். “நான் போயி முழங்கால் போட்டா, உள்ள இருக்கற சாமியார் பயந்து எழுந்து நின்னுடறாரு. எல்லாரும் எனக்குக் கீழ வேலை பாக்கறவங்க. பாதி சொல்லிட்டுப் பாதிய முழுங்கிட்டு வந்துடறேன்.” டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். “ஜன்னல் பக்கம்னா எந்தப் பக்கம்?”

கை காட்டினேன்.

கோயிலுக்குள் வரிசை பெஞ்சைத் தாண்டி நின்றது. ஆயர் தலையிலிருந்த ஊதாத் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தார். கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியில் கண்டக்டருக்குப் பின்னால் போய் நின்றார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். நகர்ந்து வழிவிட்டான். ஆயர் அவன் தோளைத் தொட்டு, நீங்கள்தான் முதலில் வந்தீர்கள் என்று முன்னால் அனுப்பினார். வாசல் பக்கம் நின்ற தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த என் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, மறைப்புக்கு அப்பால் யார் என்று அவர் பார்ப்பதும் இல்லை.

ஆயர் முறை வந்தது. முழங்காலில் இருந்தார். பீடத்துணியின் மடிப்பை நான் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தேன். நீவ அதில் ஒன்றும் மிச்சமில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து வந்தார். முகம் கழுவினது போல இருந்தது. கடைசி பெஞ்சில் முழங்கால் போட்டார். உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று அருள் நிறைந்த மந்திரம். ஆயருக்கும் அதே ரேட்டுதான்.

போகும்போது கேட் அருகில் என்னிடம், உங்கள் அண்ணன் இங்கேயே இருக்கட்டும், ஒத்தாசைக்கு ஒரு இளம் சாமியாரை அனுப்புகிறேன் என்றார். அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“நான் சொன்னத எல்லாம் சரியாத்தான் கேட்டாரா? அவருக்கும் காது கேக்கலயோ?” என்றார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் வரிசையைப் பற்றி மூச்சு விடக் கூடாதே. டீ போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஊரும் அப்படித்தான். பார்த்தவர்கள் அத்தனை பேரும் தங்களுக்குள் பேசிப் பேசித் தீர்த்தார்கள், அண்ணன் வந்தால் மட்டும் கப்சிப். அதன் பிறகு பல வருஷம் அவர் அந்தக் கூண்டில் உட்கார்ந்தார். எப்போதாவது டீ குடிக்கும்போது, அன்று ஆயர் ஏன் மனசு மாறினார் என்று கேட்பார். நீங்கள் பாவம் என்று நினைத்திருப்பார் என்பேன். அவருக்கு அதில் திருப்தி வந்ததே இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் டீ ஆறவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கோயில் நடுவில் பெட்டியில் வைத்திருந்தோம். இளம் சாமியார் ரொம்ப ஒழுங்கு. ஜனங்கள் வலது பக்கமாக வந்து, கும்பிட்டுவிட்டு, அப்படியே வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கயிறு கட்டியிருந்தார்.

முதலில் வந்தது கண்டக்டர். அவனும் நரைத்துவிட்டான். வலது பக்கம் வந்து நின்றான். கொஞ்சம் யோசித்தான். பிறகு கயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய், குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அண்ணனுடைய இடது காதில் என்னவோ சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அவனுக்குப் பின்னால் வந்தவளும் கயிற்றைத் தாண்டினாள். அதன் பிறகு ஒருவர்கூட வலது பக்கம் நிற்கவில்லை. இளம் சாமியார் பதறிப்போய் என்னைப் பார்த்தார். விடுங்கள் என்று கை காட்டினேன். கோயில் முழுக்க இருந்த கூட்டம் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, அந்தக் காதில் தங்களுடையதைச் சொல்லிவிட்டுப் போனது. தலைமையாசிரியை கைத்தடியோடு வந்தார். வழக்கம்போல் வலது பக்கம் போய் நின்றார். பிறகு மெதுவாக, பெட்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி இந்தப் பக்கம் வந்தார். குனிய முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். என் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு கடைசியாக நான் நின்றேன். வாழ்நாள் முழுக்க வாசல் பக்கமே போனவள் நான். அன்று இடது பக்கம் போய் முழங்கால் போட்டேன். பெட்டியின் பலகை மேல் கையை வைத்துக்கொண்டேன். அது அதிரவில்லை, என் கைதான் ஆடியது.

“டேய் அண்ணா” என்றேன் அந்தக் காதில். “அன்னைக்கு ஜன்னல் பக்கம் கடைசியா வந்தது யாரு தெரியுமா? ஆயர் ஏன் மனசு மாறினாருன்னு நீ கேட்டுட்டே இருந்தியே. இப்ப சொல்றேன், கேளு.”